தேயிலைக் களஞ்சியத்தில் ஸ்டேக்கர் கிரேன்: அட்டனில் பொருத்தி ஓடவைத்த விபரம்

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம், கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைக் களஞ்சியம். நடுவில் ஒரே ஒரு பாதை, இரு பக்கமும் 12 மீற்றர் உயர ராக்கை, கீழே தண்டவாளத்தில் ஓடும் ஒரு ஸ்டேக்கர் கிரேன். பலட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதும் ஆள் ஏறாமலே நடக்கும். வழங்குநர் தரும் கையேடு கிரேனின் வேகத்தையே பேசும். எங்கள் நேரமும் பணமும் போனது தரையிலும் பலட்டிலும் மின்சாரத்திலும் மூடுபனியிலும்தான்.

தரையிலிருந்து தொடங்குவோம். மலையில் சமநிலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்தில் நிரப்பித்தான் பெக்டரிகள் எல்லாம் நிற்கின்றன. வெட்டிய பக்கம் உறுதியாக இருக்கும். நிரப்பிய பக்கம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். சாதாரண ஸ்டோரில் அது தரையில் ஒரு வெடிப்பு, பூசிவிட்டுப் போகலாம். கிரேனில் கணக்கு வேறு. கிரேனின் இரண்டு சில்லுகளுக்கும் இடைவெளி 3 மீற்றர், கம்பத்தின் உயரம் 12 மீற்றர் என்று வைத்தால், ஒரு சில்லு 2 மில்லிமீற்றர் இறங்கினாலே உச்சி 8 மில்லிமீற்றர் சாயும். மேல்தட்டில் முள் (பலட்டைத் தூக்கும் கிரேனின் கரம்) பலட்டுக்குள் நுழையும் இடைவெளியில் பாதி அங்கேயே போய்விடும்.

ஆகவே பாதையின் முழு நீளமும் வெட்டிய பக்கத்திலேயே வரவேண்டும். லொறி நிற்கும் மேடை, அலுவலகம், பலட் அடுக்கும் இடம் எல்லாவற்றையும் நிரப்பிய பக்கத்துக்குத் தள்ளுங்கள். கட்டட வரைபடத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பிப் போட வேண்டி வரலாம், போடுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எப்படியும் தேவை. அதற்கு மண் பார்க்க வருகிறவர்களிடம் கிரேன் தண்டவாளத்தின் இடத்தைக் காட்டி, துளைகளை அந்தக் கோட்டிலேயே போடச் சொன்னால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

கொன்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிப்பு கட்டாயம். இல்லாவிட்டால் நிலத்தின் ஈரம் தளம் வழியாக மேலே ஏறும், தேயிலை அதை உறிஞ்சும்.

நங்கூர போல்ட்டுகளுக்கு இரசாயனப் பசை போடும்போது கவனம். பசைக் குழாயின் மேல் வெப்பநிலை அட்டவணை ஒன்று இருக்கும். கொழும்பில் பழகிய பொருத்துநர்கள் அதைப் பார்ப்பதே இல்லை, அரை மணியில் நட்டை முடுக்கிவிடுவார்கள். இங்கே காலையில் 12 பாகை குளிரில் அதே பசை இறுக அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். துளையை ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். துளைக்குள் தண்ணீர் நின்றால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம். தண்டவாளத்தை மட்டம் பிடித்து முடித்த பிறகுதான் அடித்தட்டின் கீழ் கிரவுட் (இடைவெளி நிரப்பும் சாந்து) ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு மட்டம் பிடிக்க வழியில்லை.

கம்பத்தை இரண்டு துண்டாக, நடுவில் போல்ட் இணைப்போடு அனுப்பும்படி ஓர்டரிலேயே எழுதிவிடுங்கள். அட்டனுக்கு ஏறும் வீதியில் உள்ள கினிகத்தேனை வளைவுகளைப் பார்க்காதவர்கள் 12 மீற்றரை ஒரே துண்டாக அனுப்பத் தயாராக இருப்பார்கள்.

மின்சாரத்தில் மூன்று விஷயம். மோட்டார் டிரைவ்களின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) கொள்ளளவு 1,000 மீற்றர் வரைக்கும்தான் முழுமையாகச் சொல்லப்பட்டிருக்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 வீதம் குறைத்துக் கணக்கிட வேண்டும். காற்று மெலிவதால் சூடு தணிவதும் குறைகிறது. அட்டனில் இது 3 வீதத்துக்குள்தான். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 9 வீதம் வரை போகும். நம் குளிர் இதில் ஓரளவு ஈடுகட்டும் என்றாலும், பெட்டிக்குள் இருக்கும் டிரைவுக்கு வெளிக்குளிர் முழுதாகப் போய்ச் சேராது. ஒரு அளவு பெரிய டிரைவாகக் கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்தது நில இணைப்பு. பாறை மண்ணில் ஒரு செம்புக் கம்பியை அடித்துவிட்டு விட்டால் மின்தடை இறங்காது. இடைவெளி விட்டுப் பல கம்பிகள் அடித்து, ஒன்றோடொன்று இணைத்து, குழிகளில் பெண்டனைட் களிமண் நிரப்பினால்தான் 10 ஓமுக்குக் கீழே வரும். வெயில் காலத்திலும் ஒருமுறை அளந்து பாருங்கள், ஈர மண்ணில் கிடைக்கும் நல்ல எண்ணை நம்பக்கூடாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி வரும். மின் வழியில் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு போட்டுவிட்டு, தராசு அறைக்குப் போகும் தரவுக் கம்பியை மறந்துவிடுகிறார்கள். அதற்குச் செம்புக்குப் பதில் ஃபைபர் இழுத்தால் அந்த வழியே அடைபட்டுவிடும்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஹீட்டர். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். ஹீட்டரும் அதோடு அணையும், பெட்டிக்குள் பனி வியர்க்கும். திறந்த அன்று காலை டிரைவ் எர்த் ஃபோல்ட் (மின்கசிவுப் பிழை) காட்டி நிற்கும். ஹீட்டருக்குத் தனி பிரேக்கர், அதில் ‘அணைக்காதே’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிய துண்டு.

யூபிஎஸ் பிஎல்சிக்கும் (கிரேனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) கணினிக்கும் மட்டும் போதும், மோட்டாருக்கு வேண்டாம். கரண்ட் போன நொடியில் கிரேன் எங்கே நின்றது, முள்ளில் பலட் இருக்கிறதா என்பது நினைவில் நின்றால் சரி.

இனி மூடுபனி. கிரேன் தன் இடத்தை அறிய வழக்கமாகக் கொடுப்பது லேசர் தூரமானி. பாதையின் கோடியில் ஒரு பிரதிபலிப்புத் தகடு, கிரேனில் லேசர். காலையில் லொறிக் கதவைத் திறந்ததும் பனிமூட்டம் உள்ளே வரும், கதிர் சிதறும், கிரேன் பாதி வழியில் நிற்கும். இரவெல்லாம் குளிர்ந்த தகட்டில் நீர் படிந்தாலும் அதே கதைதான். மேலே தேயிலைப் பொச்சு (பறக்கும் மெல்லிய நார்த்தூசு) வேறு படிந்து பழுப்பாகியிருக்கும். தண்டவாளத்தோடு ஒட்டிய பார்கோட் பட்டியும் சில சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து அதைப் படிக்கும் தலையும் இங்கே பொருத்தம். படிக்கும் தலைக்கு முன்னால் ஒரு தூரிகை பூட்டினால் பொச்சையும் தள்ளிக்கொண்டு போகும். லொறிக் கதவுக்கும் ராக்கைக்கும் நடுவில் இன்னொரு கதவு வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காதபடி பூட்டினால் தேயிலைக்கும் நல்லது. உள்ளே ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டாமல் ஈரநீக்கி ஓட வேண்டும். டீசல் போர்க்லிப்ட் உள்ளே வரவே கூடாது, தேயிலை வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

ஓடத் தொடங்கிய பின் வரும் நிறுத்தங்களில் பெரும்பங்கு பலட்டால் வருவது. ஆணி தலை நீட்டியிருக்கும், அடிப்பலகை உடைந்திருக்கும், அல்லது கடதாசிப் பை பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். நுழைவாயிலில் உயரம், அகலம், எடை மூன்றையும் பார்க்கும் சோதனைச் சட்டம் இவற்றைத் திருப்பி அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும். ‘இன்றைக்கு மட்டும்’ என்று சென்சரை மூடி டேப் ஒட்டினால், அந்தப் பலட் பத்து மீற்றர் உயரத்தில் சிக்கும், அதை இறக்க ஒரு நாள் போகும். பை நிரப்பியதும் நன்றாக அதிர்த்துத் தட்டையாக்கி, அடுக்கியபின் மேலிருந்து கீழ்வரை சுற்றுப் படலம் இழுத்தால் பிதுக்கம் குறையும். டஸ்ட் (தூள்) தரங்கள் இலைத்தரங்களைவிடக் கனம், அதே பை எண்ணிக்கையில் எடை எல்லையைத் தாண்டலாம். எங்கள் முடிவு: வெளியிலிருந்து வரும் பலட் எதுவும் ராக்கைக்குள் ஏறாது. களஞ்சியத்துக்கென்றே ஒரே அளவில் செய்த பலட்டுகள் உள்ளே சுற்றும், சரக்கு வாசலில் மாற்றப்படும். ஆள்கூலி கூடும்தான். நிறுத்தங்கள் குறைவதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

கணினியில் ஏற்றும்போது இன்வொய்ஸ் இலக்கத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். அதே இலக்கம் இன்னொரு மார்க்கிலும் (தோட்டத்தின் விற்பனைப் பெயர்) வரும். மார்க், தரம், இன்வொய்ஸ், ஆண்டு நான்கும் சேர்ந்தால்தான் பலட் ஒன்று தனியாகும். லேபிள் பலட்டின் அடுத்தடுத்த இரு முகங்களில் இருக்கட்டும். ரிப்பன் போட்டு அச்சடித்தது, சூட்டில் கறுக்கும் தாள் அல்ல.

இரண்டு பிழைகளை இயக்குநர்கள் முதல் நாளே படிக்க வேண்டும். ஒன்று, காலி என்று கணினி சொல்லும் கட்டத்தில் பலட் இருப்பது. மற்றது, பலட் இருப்பதாகச் சொல்லும் கட்டம் காலியாக இருப்பது. இரண்டிலும் ரீசெட் பொத்தானை அழுத்துவதே கை பழகிய வழி. அழுத்தினால் பிழை கணக்குக்குள் போய் ஒளியும். கட்டத்தைப் பூட்டி, கமெராவில் பார்த்து, லேபிளைப் படித்து, கணக்கைத் திருத்திய பிறகே விடுவிக்க வேண்டும். பாதைக்குள் ஆள் போவதானால் கதவுச் சாவியும் கிரேன் சாவியும் ஒன்றாகவே இருக்க வேண்டும்: கிரேனிலிருந்து சாவியை உருவி எடுக்காமல் கதவு திறக்காது.

மண்சரிவில் வீதி மூடினால் கொழும்பிலிருந்து பாகம் வராது. முள் நடுநிலை சென்சர், பிரேக் சுருள், ஒரு சில்லு, ஒரு டிரைவ், பார்கோட் படிக்கும் தலை, இவை இங்கேயே அலுமாரியில் இருக்க வேண்டும். டிரைவின் அமைப்பு எண்களைப் பென்டிரைவில் பதிந்து அதே அலுமாரியில் வையுங்கள். புதிய டிரைவை மாட்டிவிட்டு அந்த எண்களைத் தேடி அலைவது மாட்டுவதைவிட நீண்ட வேலை.