சிக்கர்ட் ஓவியத்தில் ரிப்பரைத் தேடுறவங்களுக்கு

இங்கிலாந்து ஓவியர் வால்டர் சிக்கர்ட்தான் பிடிபடாத தொடர் கொலைகாரன் ஜாக் தி ரிப்பர்னு சிலர் சொல்றாங்க. அவர் ஓவியங்கள்ல அதுக்குத் துப்பு தேடணும்னா, முதல்ல தேதியைப் பாருங்க. ரிப்பரோட லண்டன் வைட்சாப்பல் கொலைகள் நடந்தது 1888ல. சிக்கர்ட்டோட 'கேம்டன் டவுன் கொலை' படங்கள் 1908 வாக்குல வரைஞ்சது; அந்தப் பெயர் 1907 செப்டம்பர்ல எமிலி டிம்மக் கொலையான வேற வழக்கோடது. பலரும் சறுக்குறது இங்கதான்.

அடுத்து, தலைப்பை நம்பாதீங்க. அந்த வரிசையில ஒரு படம்: இரும்புக் கட்டில், சுவர் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருக்கும் நிர்வாணப் பெண், கட்டில் ஓரத்துல கைகோத்துத் தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்கும் ஆள். இதே படத்துக்கு 'வாடகைக்கு என்ன செய்வோம்?'னும் பெயர் உண்டு. அப்படிப் பார்த்தா கொலைகாரன் போய், கையில காசில்லாத புருஷன் வந்துடுறான்!

மான்செஸ்டர்ல இருக்கிற 'ஜாக் தி ரிப்பரின் படுக்கையறை' ஓவியம்? சிக்கர்ட் தங்கின அறையில முன்னாடி குடியிருந்தவன்தான் ரிப்பர்னு வீட்டுக்காரம்மா சொன்ன கதையில இருந்து பிறந்தது. வாக்குமூலம் இல்ல.

ரிப்பர் பேர்ல வந்த கடிதங்கள்ல எடுத்து, சிக்கர்ட்டுக்கு எதிரா காட்டுற டிஎன்ஏ மைட்டோகாண்ட்ரியா வகை. தாய்வழி வர்றது, சம்பந்தமில்லாத பலருக்கும் ஒண்ணாவே இருக்கும். அந்தக் கடிதங்கள்லயும் பெரும்பாலானவை போலின்னுதான் ஆய்வாளர்கள் கருதுறாங்க. போதாக்குறைக்கு, 1888 செப்டம்பர்ல சிக்கர்ட் பிரான்ஸ்ல இருந்ததைக் குடும்பக் கடிதங்கள் காட்டுது.