சிவகாமிக்கு ஏன் அரண்மனை கிடைக்கவில்லை

கல்கி மேல் எனக்கு ஒரு நெடுநாள் வழக்கு உண்டு. 'சிவகாமியின் சபதம்' நாவலில் நாட்டியக்காரி சிவகாமியைப் பல்லவ இளவரசர் மாமல்லருக்குக் கட்டிக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. நாலு பாகம், ஒரு முற்றுகை, ஒரு சிறை, எரிந்துபோன ஒரு தலைநகரம், இத்தனையும் தாண்டி வந்த பெண்ணைக் கடைசியில் காஞ்சி ஏகாம்பரநாதர் சன்னதியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் 'சிவகாமியின் சபதம்' பெரியம்மாவின் சொத்து. 1944 முதல் 1946 வரை பத்திரிகையில் வந்ததைப் பாட்டி வாராவாரம் கிழித்து வைத்து பைண்டு பண்ணிய தொகுப்பு. பக்கங்கள் அப்பளம் மாதிரி நொறுங்கும். பெரியம்மா எங்களை யாரையும் தொடவிட மாட்டாள். அவள் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "மாறுவேஷத்துல வாதாபிக்கே வந்து கூப்பிட்டானே, அன்னைக்கே கிளம்பியிருக்கணும். சபதமாம் சபதம்!"

சாளுக்கியர் தலைநகர் வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, மாமல்லர் அந்த ஊரை எரித்துத் தன்னை மீட்டால்தான் கிளம்புவேன் என்று போட்ட சபதம் அது. பெரியம்மாவின் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. சபதம் போடுவதற்கு முன்பே அந்தக் கல்யாணம் நடக்காது என்று ஆகிவிட்டது. ஆயனர் எவ்வளவு பெரிய சிற்பியாக இருந்தாலும் அவர் மகள் சிற்பி மகள்தான். மாமல்லரின் அப்பா மகேந்திர பல்லவர் அவள் ஆட்டத்தை ரசிப்பார், ஆயனர் வீடு தேடி வந்து பேசிக்கொண்டிருப்பார், ஆனால் மருமகளாக ஏற்கமாட்டார். சாகும் தறுவாயில் மகனிடம் கேட்டுக்கொண்டதும் பாண்டியன் மகளைக் கட்டு என்பதைத்தான். ராஜா வீட்டில் கல்யாணம் என்பது இரண்டு நாடுகளுக்கு நடுவில் போடும் ஒப்பந்தம். சிவகாமியிடம் கொடுக்க ஒரு நாடும் இல்லை, படையும் இல்லை. சபதம் மட்டும் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்மை நம்பவைத்தது கல்கியின் சாமர்த்தியம். பழி முழுக்க அந்தப் பெண்ணின் பிடிவாதத்தின் மேல் விழுந்துவிடுகிறது, அரண்மனை கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

அந்த முடிவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவகாமி சாமி பெயரில் தாலி அணிந்துகொள்கிறாள். படிக்கும்போது நமக்குக் கண்ணீர் வருகிறது. ஆனால் ஆடத் தெரிந்த பெண் கடவுளுக்கு வாழ்க்கைப்படுவதற்கு ஊரில் அப்போது வேறு பெயர் இருந்தது: பொட்டுக்கட்டுதல். முத்துலட்சுமி ரெட்டி வருஷக்கணக்கில் போராடி, கதை முடிந்த மறு வருஷம், 1947இல், சென்னை மாகாணத்தில் அதைத் தடை செய்து சட்டமே வந்தது. வாரப் பத்திரிகையில் சிவகாமிக்காக அழுத குடும்பங்களில் எத்தனை பேர் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்? பாட்டியிடம் கேட்டிருக்கலாம். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றும் வயசில்லை.

'பொன்னியின் செல்வ'னில் (1950-54) கல்கி கொஞ்சம் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன். பூங்குழலி கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள், படகு ஓட்டுகிறவள். மனசு இருப்பது இளவரசர் அருள்மொழியிடம். அவரையோ கொடும்பாளூர் இளவரசி வானதிக்கு என்று அவருடைய அக்கா குந்தவை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். பூங்குழலி அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ராணியாகும் ஆசையில்தானே இளவரசரைப் பிடித்திருக்கிறாய் என்கிற மாதிரி வானதியை ஒரு குத்து குத்துகிறாள். அந்த ரோஷத்தில்தான் வானதி, சிங்காதனம் ஏறமாட்டேன் என்று சபதமே போடுகிறாள். அப்புறம் பூங்குழலி பூக்கட்டும் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொள்ளத் துணிகிறாள். பார்த்தால், அவன்தான் அரியணை ஏறப்போகிற நிஜமான உத்தம சோழன்! ஓடக்காரி ராணியாகிவிட்டாள்.

சின்ன வயசில் இந்த இடத்தில் கைதட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால், இதுவும் ஒரு ஏமாற்று வேலைதான். மாப்பிள்ளை ரத்தத்தில் ராஜாவாக இருந்தால்தான் அவளுக்கு அரண்மனைக் கதவு திறக்கிறது. நிஜப் பூக்காரனாகவே இருந்திருந்தால் இரண்டு பேரும் கோடிக்கரையிலேயே இருந்திருப்பார்கள். நன்றாகவும் இருந்திருப்பார்கள், அது வேறு விஷயம். அவள் அத்தை மந்தாகினிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. தீவில் காதலித்தவன் தஞ்சாவூரில் கிரீடத்தோடு நிற்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கடலில் குதித்தாள். பிழைத்து வந்தவள் கடைசியில் அவனுக்காகவே செத்தும் போனாள்.

கல்வெட்டுப் பக்கம் போனால் உத்தம சோழனுக்கு ஒரு ராணி இல்லை, பலர். நாகப்பட்டினம் பக்கத்துச் செம்பியன் மாதேவி கோயிலில் அவர்கள் கொடுத்த கொடைகள் எழுதியிருக்கின்றன. பழுவேட்டரையர் மகள் என்கிற மாதிரி சிற்றரசர் வீட்டுப் பெண்கள். படகுக்காரர் மகள் யாரும் இல்லை. நாவலின் நாயகன் வந்தியத்தேவனுக்கு மட்டும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி சொல்கிறது, குந்தவை அவருடைய தேவியார் என்று. ஆனால் கல்கி கதையில் அவனும் பாவம், சொத்தை இழந்த வாணர் குலத்து ராஜாதான்.

அப்படியானால் அந்தக் காலத்தில் யாருமே அந்த வரப்பைத் தாண்டவில்லையா என்றால், எங்கள் திருவாரூரில் ஒரு கதை இருக்கிறது. ராஜேந்திர சோழன், கங்கை வரை படை அனுப்பியவன், பரவை நங்கை என்ற பெண்ணோடு தியாகராசர் கோயிலுக்கு வந்தான். அவளைக் கல்வெட்டு தேவி என்றோ மகாதேவி என்றோ சொல்லவில்லை, அணுக்கியார், அதாவது ராஜாவுக்கு நெருக்கமானவள், என்கிறது. கோயிலைச் சேர்ந்த பெண் என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். அவள் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறாள். ராஜாவும் அவளும் சேர்ந்து நின்ற இடம் தெரிவதற்காக அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்ததையும் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னால் மகன் ராஜாதிராஜன் காலத்தில் இரண்டு பேருடைய படிமங்களுக்கும் வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. மறைத்து வைக்கும் உறவுக்கு யாராவது இப்படிச் செய்வார்களா?

பெயரையும் கவனியுங்கள். சுந்தரர் திருவாரூரில் மணந்தவரும் பரவைதான், அவரும் கணிகையர் குலம் என்கிறது பெரியபுராணம். அந்தப் பரவை கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியபோது தியாகராசரே ராத்திரியில் வீதியில் தூது நடந்தார். இன்னொரு வேடிக்கை: கல்கியின் சிவகாமி கடைசியில் ஏகாம்பரநாதர் முன்னால் ஆடுவது 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்ற அப்பர் பாட்டுக்கு. அது காஞ்சிப் பதிகமே இல்லை, திருவாரூர்ப் பதிகம்.

பரவை நங்கை கதையைப் போன மாதம் பெரியம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"ஜோடியா நின்னாங்க, சரி. அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனானா?"

"அது கல்வெட்டுல இல்ல பெரியம்மா."

"எப்படி இருக்கும்?" என்றாள்.