வெளியிலிருந்து ஆதரவு: காங்கிரஸ் எதிர்ப்புக் கூட்டணிகள் கவிழ்ந்த இடம்

காங்கிரஸை வீழ்த்தி வந்த கூட்டணி அரசுகள் நிலைக்காததற்குத் தலைவர்களின் பதவி ஆசையே காரணம் என்பார்கள். பதவி ஆசை இல்லாத கட்சி எது? அந்த அரசுகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1967இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸும் திமுகவும் ஏறக்குறைய ஆளுக்கு 41% வாக்கு வாங்கின. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 51 இடங்கள். 174 தொகுதிகளில் மட்டும் நின்ற திமுகவுக்கு 137. மீதித் தொகுதிகளைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் உள்ளிட்ட தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்ததால் எதிர்ப்பு வாக்குகள் சிதறவில்லை. திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மையும் இருந்ததால் யாரும் அந்த அரசை அசைக்க முடியவில்லை.

அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் கூட்டணியே தேர்தலுக்குப் பின்புதான் உருவானது. சரண் சிங் தன் ஆதரவாளர்களோடு காங்கிரஸைவிட்டு வெளியேற, காங்கிரஸ் முதல்வர் சி.பி. குப்தாவின் அமைச்சரவை 19 நாளில் கவிழ்ந்தது. பாஜகவின் முன்னோடியான ஜனசங்கம் முதல் கம்யூனிஸ்டுகள் வரை சேர்ந்து சரண் சிங்கை முதல்வராக்கினார்கள். காங்கிரஸை இறக்குவதில் மட்டும்தான் அவர்களுக்குள் உடன்பாடு. சிறு நிலங்களுக்கு நிலவரியை ரத்து செய்யச் சொன்ன சோசலிஸ்டுகளுக்கு அவர் இணங்கவில்லை. ஓராண்டு முடியும் முன்பே, 1968 பிப்ரவரியில், எல்லாம் முடிந்தது.

மத்தியில் நடந்தது இதைவிட மோசம். 1979இல் இந்திரா காங்கிரஸ் ஆதரவை நம்பிப் பிரதமரான சரண் சிங், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே பதவி விலகினார். 1990இல் பிரதமரான சந்திரசேகருக்கும் காங்கிரஸ் ஆதரவுதான் ஆதாரம். சில மாதங்களே தாங்கியது. வெளியிலிருந்து ஆதரிக்கும் கட்சிக்கு அமைச்சர் பொறுப்பு இல்லை, அரசின் கெட்ட பெயரில் பங்கில்லை. தேர்தல் எப்போது வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் சக்தி மட்டும் அதன் கையில் இருக்கும். இந்த ஏற்பாட்டை ஆதரவு என்று அழைப்பதே எனக்கு உடன்பாடில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இலேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது உறுப்பினர் கட்சி மாறுவதைத்தான் தடுக்கும். ஒரு கட்சி மொத்தமாக ஆதரவை விலக்கிக்கொள்வதை அது தொடுவதில்லை.

1996இல் அமைந்த ஐக்கிய முன்னணி பழைய தவறுகளைத் திருத்த முயன்றது. குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் எழுதினார்கள். வழிகாட்டுக் குழுவும் அமைத்தார்கள். ஆனால் அரசைத் தாங்கிப் பிடித்த காங்கிரஸ் அமைச்சரவையிலும் இல்லை, அந்தக் குழுவிலும் இல்லை. காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, 1997 ஏப்ரலில் பிரதமர் தேவ கவுடா நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். அடுத்து வந்த குஜ்ரால் அரசிடம், ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கையைக் காட்டி, திமுக அமைச்சர்களை நீக்கச் சொன்னது காங்கிரஸ். முன்னணி மறுத்தது. அந்த நவம்பரிலேயே ஆதரவு வாபஸ் ஆனது.