என் குரல் போன இரண்டு கிழமை

போன வருடம் இரண்டாம் தவணை நடுவில் எனக்குக் குரல் போய்விட்டது. சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. காலையில் கரகரப்பாகத் தொடங்கும், மூன்றாவது பாடவேளை முடிவதற்குள் வெறும் காற்றுதான் வரும். கொத்தமல்லி, இஞ்சி, அதிமதுரம் எல்லாம் அவித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் போனேன். குரல் நாணில் சின்னத் தடிப்பு என்றார். "இரண்டு கிழமைக்குப் பேச வேண்டாம் டீச்சர். கிசுகிசுக்கவும் வேண்டாம், அதுவும் நாணை வருத்தும்."

எங்கள் பாடசாலை கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கம். என்னிடம் இருந்தது தரம் 6, நாற்பத்தொரு பிள்ளைகள். வகுப்புகளுக்கு நடுவில் அரைச் சுவர்தான். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே இருபத்திரண்டு வருடம் கத்தியிருக்கிறேன். லீவு எடுத்தால் என் வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை. என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பழைய போன் ஞாபகம் வந்தது.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடி, ஊரடங்கும் போட்ட நேரம், வட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பாடம் அனுப்பினேன். எங்கள் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரே போன், அதிலும் டேட்டா கொஞ்சம். வீடியோ இறங்காது, குரல் இறங்கும். அந்தப் பதிவுகள் அழியாமல் அப்படியே இருந்தன. அடுத்த நாளே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் பற்றரியில் ஓடுகிற ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன்.

முதல் நாள் போட்டது ல, ள, ழ பாடம். "வலி, வளி, வழி" என்று என் குரல் பெட்டிக்குள்ளிருந்து வர, பின்னணியில் சூன் பாண் வண்டியின், அதுதான் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் வண்டியின், மெட்டும் கேட்டது. ஊரடங்கில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த வண்டி. பிள்ளைகள் சிரித்தார்கள், இரண்டு பேர் மெட்டைப் பாடவும் தொடங்கினார்கள். சரி என்று பாட விட்டேன். பிறகு பதிவைத் திரும்பப் போட்டு, முன்னால் நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டினேன். ல வரும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால். ள வரும்போது நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும். ழ வரும்போது இன்னும் மடியும், ஆனால் எங்கேயும் முட்டாது. வழமையாக நான் பேசும்போது பிள்ளைகள் கேட்பார்கள், வாயைப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு நாற்பத்தொரு பேரும் என் வாயையே பார்த்தார்கள். முன்வரிசை மகள் ஒருத்தி விரலை வாய்க்குள் விட்டுத் தன் நாக்கு எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் மழையை மளை என்றுதான் சொல்கிறோம், நானும்தான். பேச்சில் அது பிழையே இல்லை. எழுதும்போதுதான் சிக்கல்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் பிடிபட்டது. குரல் பெட்டியில் இருந்தால் என் காலும் கண்ணும் எனக்கு மிச்சம். கரும்பலகையடியில் நின்றுகொண்டிருந்தவள் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒரு மகன். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி, அம்மா வெளிநாட்டில், அம்மம்மாவோடு இருக்கிறான். அவன் கொப்பியை அவ்வளவு கிட்டத்தில் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்வதெழுதலில் முதல் இரண்டு வசனம் ஒழுங்காக இருக்கும், மூன்றாவது பாதியில் நிற்கும், பிறகு வெற்று வரிகள். எழுதத் தெரியாமல் இல்லை, மெதுவாக எழுதுகிறான். நான் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டால், "டீச்சர் இன்னொருக்கா" என்று நாற்பது பேருக்கு முன்னால் கேட்க வெட்கம்.

போனை அவன் கையில் கொடுத்து, நிறுத்தும் இடத்தைக் காட்டினேன். அவன் எழுதி முடித்துத் தலையாட்டிய பிறகுதான் வகுப்புக்கே அடுத்த வசனம். வேகமாக எழுதும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அலுப்புத்தான். ஆனால் அன்று அவன் எட்டு வசனமும் எழுதினான். "வழி" எல்லாம் "வளி" ஆக இருந்தது. இருக்கட்டும், வெற்று வரி ஒன்றுகூட இல்லை.

குரல் வைத்துப் படிப்பிப்பது புதிய விஷயம் இல்லை. லண்டனில் பிபிசி 1924இலேயே பாடசாலைகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. கொழும்பில் வானொலிச் சேவை முறையாகத் தொடங்கியதே 1925 டிசம்பரில். ஆனால் வானொலி தன் பாட்டில் போகும், யாருக்காகவும் நிற்காது. இது நிற்கும், இந்த மகனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஆசிரியர் அறையில் ஒருவர், "பெட்டியைப் போட்டுவிட்டு டீச்சர் சும்மா இருக்கிறா" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. மனம் நொந்தது. ஆனால் அந்தப் பயம் முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். நாற்பது நிமிடமும் பதிவை ஓடவிட்டு மேசையில் உட்கார்ந்தால் அது பாடமே இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். என் கணக்கு, ஒரு பதிவு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இணையத்தில் கிடைப்பதை அப்படியே போடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டுப் பதிவுகள் நல்ல பதிவுகள்தான், ஆனால் அதில் வாரமும் நாற்காலியும் வரும். எங்கள் பிள்ளைக்கு அது கிழமை, கதிரை. முதலில் தன் ஊர்க் குரலில் கேட்கட்டும், மற்றது பிறகு வரும்.

இரண்டு கிழமை முடிந்து குரல் திரும்பியது. ஸ்பீக்கரை நான் எடுத்து வைக்கவில்லை. இப்போது சொல்வதெழுதலைப் பிள்ளைகளே முறை வைத்துப் பதிவு செய்கிறார்கள், இடைவேளையில், சத்தம் குறைந்த நூலக மூலையில். போன கிழமை அந்த மகனின் முறை. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "வழி தெரியாமல் நின்ற கிழவிக்கு" என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தினான். நாக்கை மேலே மடித்து, சத்தமில்லாமல் இரண்டு முறை பழகிப் பார்த்தான்.

"இருங்க டீச்சர், இன்னொருக்கா சொல்றேன்" என்றான்.