கரி, வெயில், மூச்சு: ராமநாதபுரம் கரையில் ஒரு கவிதை உறைவிடம்

எரிசக்தி, பருவநிலை, படைப்பு மூன்றையும் ஒன்றாகப் பேசும் கவிஞர் உறைவிடம் ஒன்றுக்குப் போய் வந்தேன். தங்க இடமும் உதவித்தொகையும் கொடுத்து, எடுத்துக்கொண்ட பொருளில் எழுதச் சொல்வார்கள். கீழக்கரைப் பக்கம் தங்கல். விண்ணப்பிக்க நினைக்கும் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டார்கள், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் முக்கியம் வேலைத்திட்டம்தான். பூமி சூடாகிறது, கவிஞர்கள் குரல் கொடுக்க வேண்டும் என்கிற பொதுப்பேச்சை நடுவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள். நான் இடங்களை எழுதினேன்: சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டம், கமுதி சூரிய மின்நிலையம், மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள். நேர்காணலில் ஒருவர், "இதையெல்லாம் பார்த்தால் உங்கள் கவிதையில் என்ன மாறும்?" என்று கேட்டார். வரியின் நீளம் மாறும் என்றேன். உழைப்புக்கு ஒரு தாளம் இருக்கிறது, அது வரிக்குள் வர வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

முதலில் கரிமூட்டம். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண் பூசி, காற்று அதிகம் புகாமல் உள்ளுக்குள்ளேயே வேகவிடுவார்கள். காவலுக்கு இருந்த பெரியவர் புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொன்னார். வெள்ளையாகத் திரண்டு வந்தால் விறகின் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. நீலம் பாரித்து மெலிந்தால் கரியாகிவிட்டது, அந்தப் பக்கத்துத் துளையை அடைக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் மண் உள்வாங்கியது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடி, ஒரு சட்டி மண்ணைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கினார். "காத்து புகுந்தா சாம்பல்தான்த்தா மிஞ்சும்" என்றார்.

அங்கே எழுதிய கவிதைக்குப் புகையின் நிறமே வரிசை கொடுத்தது. கண்மாயையும் தரிசையும் வளைத்துக்கொண்ட மரம் அது, வெட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். மழை பொய்த்த வருடங்களில் அதை வெட்டிக் கரியாக்கித்தான் பல வீடுகளில் உலை கொதித்திருக்கிறது. அதைத் திட்டி மட்டும் ஒரு கவிதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கமுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2016-இல் தொடங்கிய நிலையம், 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். உறைவிடத்துக்கு வந்து பேசிய பொறியாளர் ஒருவர் அந்த எண்ணை விளக்கினார். 648 என்பது நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்சம். இரவு, மேகம், தகட்டில் படியும் தூசி எல்லாம் சேர்த்து வருடச் சராசரி எடுத்தால், இந்த மாதிரி நிலையங்களில் பொதுவாக உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் நிற்கும். தூசியைத் துடைப்பதும் அங்கே தானியங்கி இயந்திரங்கள். கவிதைக்கு எனக்கு ஒரு மனுஷர் வேண்டியிருந்தது. சின்னக் கவிதை ஒன்றுதான் தேறியது.

பெரும்பாலான பொழுது பாசி எடுக்கும் பெண்களோடு போனது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. தீவில் கால்வைக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் வள்ளம் திரும்பும்வரை கரையில் காத்திருப்பேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு முங்குகிறார்கள். எடுத்த பாசி காய்ந்து, அதிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கும் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பால் சேர்த்துக் காய்ச்சி ஆறவைக்கும் ‘கடல்பாசி’ என்கிற இனிப்புக்கும் மூலப்பொருள் இந்த மாதிரிப் பாசிதான்.

"எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பீங்க அக்கா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"மணி பாத்தா முங்குறோம்? ஒரு பிடி கைக்கு வர்ற வரைக்கும்."

அன்றைக்கே வரியின் நீளம் எனக்குப் பிடிபட்டது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது ஒரு வரி. அதற்குள் ஒரு பொருளாவது கைக்கு வந்திருக்க வேண்டும், வராவிட்டால் வரியை அடித்தேன். எழுதியதை மணலில் உட்கார்ந்து அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்த அந்த அக்கா, "தண்ணி சூட்டப் பத்தி ஒண்ணும் வரலையே" என்றார். கோடையில் மேல்தண்ணீர் கொதிக்கிறது, பார் (பவளப்பாறை) வெளுத்துக் கிடக்கிறது, வெளுத்த பாரில் மீனும் அண்டுவதில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் பவள உயிரிகள் தமக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் அதோடு போகும், உணவில் பெரும்பங்கும் போகும். 2010-லும் 2016-லும் இந்த வளைகுடாவில் அப்படி வெளுத்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அக்கா சொன்ன வரிசை மாறாமல் அதைக் கவிதையின் கடைசிப் பகுதியாக்கினேன். அங்கே எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஒரு விஷயத்தை விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்குங்கள். கவிஞருக்கு உதவித்தொகை உண்டு, பேசிக்கொடுப்பவருக்கு? கடலுக்குப் போகாமல் நம்மோடு உட்கார்ந்திருக்கும் நாளில் அவருக்கு வருமானம் இல்லை. செலவுத்திட்டத்தில் அவர்களுடைய நாள்கூலிக்குத் தனியாக ஒரு தொகை போடுங்கள். நான் போட்டேன், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கிறது. யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், போகும் மாதத்தையும் பேசி முடிவு செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கரிமூட்டம் போடுவது குறைந்துவிடும். ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று பலமாக இருக்கும், இந்தப் பக்கத்துக் கடல் கலங்கிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீனவர்களோடு கரையில் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் அது நல்ல நேரம். கரியும் பாசியும் இரண்டும் வேண்டுமென்றால் தை, மாசி.