வயிற்றுக்குள் ஒரு ஆள்

விக்ஸ்டாக் என்ற டிராக் (ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப்பாடும்) விழா, நியூயார்க், 1993. அந்த வீடியோ இன்று மறுபடி டைம்லைனில் வந்தது.

பெருத்த வயிறோடு மேடையேறிய லீ பவரி, லண்டனின் விநோத வேடக் கலைஞர், மேஜையில் மல்லாந்து சாய்கிறார். கால்களுக்கு நடுவிலிருந்து, உடம்பெல்லாம் சிவப்புச் சாயத்தோடு ஒரு பெண் வெளியே வருகிறார்.

தொப்புள்கொடிக்கு சாசேஜ் சரம்!

உள்ளே இருந்தவர் அவர் தோழி நிக்கோலா பேட்மேன். வார்ப்பட்டையால் பவரியின் உடம்போடு தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். தலை அவர் தொடைகளுக்கு நடுவே. மேலே டைட்ஸ், அதற்கும் மேல் அகலமான உடை. தலைகீழாக எவ்வளவு நேரம் தாங்குவார்? பவரி மேடையில் பாடும் பாட்டு நீண்டுபோனால் கதை கந்தல்.

கூட்டம் ஏன் சந்தேகப்படவில்லை? ஆள் ஏற்கெனவே பருமன். போதாததற்கு, புடைத்த விநோத உருவங்களை லண்டன் குயர் கிளப்புகளில் 80-களிலிருந்தே காட்டிப் பழக்கியிருந்தார். கேஃபர் டேப்பால் (மேடை வயர்களை ஒட்டும் முரட்டு டேப்) மார்பை இழுத்து ஒட்டிப் பிளவு வரவழைப்பார் (பிய்க்கும்போது தோல் என்ன பாடுபடும், சொல்லவே வேண்டாம்). கன்னத்தில் துளையிட்டு, போலி உதட்டை ஊக்கால் மாட்டுவார்.

1988-ல் லண்டன் அந்தோணி டொஃபே கேலரியில், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து நாள், நாளுக்கொரு வேடம். பார்வையாளர்கள் அவருக்குத் தெரியமாட்டார்கள். தெரிந்தது தன் பிம்பம் மட்டும்.

என்னைக் கேட்டால், அந்த மேடைப் பிரசவத்தைவிட இதுதான் கஷ்டமான வேலை. மேடையில் பாட்டே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே சும்மா திரும்பிப் படுப்பதைக்கூட அந்த வேடமாகவே செய்தாக வேண்டும்.