கவுன்ட்டிங் ஏஜென்டாகப் போகிறவர்களுக்கு

2021 சட்டமன்றத் தேர்தலில் மயிலாடுதுறை தொகுதிக்கு ஓட்டு எண்ணும் முகவராகப் போனேன். எந்தக் கட்சிக்கு என்று கேட்காதீர்கள், ஊரில் இருந்தாக வேண்டும்.

முதலில் படிவம் 18, நம்மை முகவராக நியமிக்கும் தாள். வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ கையெழுத்துப் போட்டு, நம் போட்டோவோடு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அது சுலபம். அந்த வருஷம் கொரோனா நெகட்டிவ் ரிப்போர்ட்டும் கேட்டார்கள், அதுவும் 48 மணி நேரத்துக்குள் எடுத்ததாக. இரண்டு டோஸ் ஊசி போட்டிருந்தால் வேண்டாம்; எங்கள் ஆட்களில் அப்படி யாருமில்லை. மே 2 எண்ணிக்கை, எனக்கு ரிப்போர்ட் வந்தது முந்தின ராத்திரி.

ஆனால் முக்கியமான வேலை எண்ணும் நாளில் இல்லை. ஏப்ரல் 6 இரவு வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும் 17சி படிவம் நிரப்புவார்கள். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது, மெஷின் நம்பர் என்ன, சீல் நம்பர் என்ன, எல்லாம் அதில் இருக்கும். பூத் ஏஜென்ட் அதன் நகலைக் கேட்டு வாங்கி வர வேண்டும். எண்ணும் இடத்துக்குள் போக ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். இந்தத் தாளைப் பத்திரமாக வைக்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது. உளுந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் களத்துக்கே போய்ப் பிடித்தோம். இன்னொருவர் வீட்டில் அது சட்டையோடு சேர்ந்து துவைபட்டிருந்தது.

எங்கள் ஒன்றியச் செயலாளர் இதில் மட்டும் கறார். "தம்பி, கொள்ளிடத்துக்கு அந்தாண்ட காட்டுமன்னார்கோயில்ல 2016-ல திருமாவளவன் தோத்தது 87 ஓட்டுல. ஒரு தெரு ஓட்டு அது" என்பார். அதே தேர்தலில் இராதாபுரத்தில் வித்தியாசம் 49. தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகள் செல்லுமா என்று அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் தபால் ஓட்டு மேசைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை உட்கார வைத்தோம்.

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் எண்ணிக்கை. போனுக்கு அனுமதி இல்லை. ஞாயிறு முழு ஊரடங்கு வேறு, வெளியே ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை. 8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி கழித்து மெஷின். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அலுவலர்கள். மெஷினில் ஓட்டுகள் பதிவாகியிருக்கும் பகுதியான கன்ட்ரோல் யூனிட் மட்டும்தான் மேசைக்கு வரும். சீல் நம்பரைக் காட்டுவார்கள், ரிசல்ட் பட்டனை அழுத்துவார்கள், வேட்பாளர் வாரியாக எண்கள் ஓடும். கண் தவறிவிட்டால் கூச்சப்படாமல் "இன்னொரு தடவை அழுத்துங்க சார்" என்று கேளுங்கள், அழுத்துவார்கள். யாருக்கு எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் மொத்தம் 17சி-யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாக்குப்பதிவுக்கு முன்னால் மெஷினைச் சோதிக்க நடத்தும் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டை அழிக்காமல் விட்டிருந்தால் அங்கேதான் தெரியும். அப்படிப்பட்ட மெஷினைத் தனியாக வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அதில் உள்ள ஓட்டைவிடக் குறைந்தால் அதன் விவிபாட் சீட்டை, அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சாகி விழும் தாளை, எண்ண வேண்டும். நெருக்கமான போட்டியில் துவைத்த சட்டைப்பைத் தாளுக்கும் மதிப்பு வருவது அப்போதுதான்.

நம் மேசை எண் மட்டும்தான் நமக்குத் தெரியும். தொகுதி நிலவரம் மைக்கில் சுற்றுச் சுற்றாக, நிதானமாக வரும். அதற்குள் பக்கத்து மேசை ஆள் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். அது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

கடைசி சுற்று முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். குலுக்கலில் எடுத்த 5 பூத்துகளின் விவிபாட் சீட்டுகளைக் கையால் எண்ணுவார்கள். பசி நேரம், பாதி ஏஜென்ட் காணாமல் போயிருப்பார்கள். காங்கிரஸ் ராஜகுமாரும் பா.ம.க. சித்தமல்லி பழனிசாமியும் ஆளுக்கு எழுபதாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார்கள். ராஜகுமார் 2,742 ஓட்டில் ஜெயித்தார்.

அப்புறம், இரண்டு பேனா எடுத்துப்போங்கள். ஒன்றை எதிர்க்கட்சி ஏஜென்ட் கேட்டு வாங்குவார், திரும்பி வராது.